கொண்டி போட்டிருக்கா?

துளசிராம் இரண்டு பொய் சொல்லியிருந்தார். ஓசூரில் இருக்கும் மகள் இந்துப்ரியாவிடம், தீபாவளிக்குப் பரமக்குடியில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்றார். பரமக்குடித் தம்பி ரவிசங்கரிடம், ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் போட்ட மனிதர் அவர். கோடு ஒரு நூல் விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த இரண்டு பொய்யும் நாக்கு குழறாமல் வந்ததில் அவருக்கே ஆச்சரியம்தான்.

உண்மை என்னவென்றால், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் இரண்டு நாளைக்கு ரூம் சொல்லி வைத்திருந்தார். போன வாரமே போய் ரூமையும் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. லாட்ஜுக்குத் தீபாவளி கிடையாது. அங்கே கோலம் கிடையாது, எண்ணெய்ச் சட்டி வாசனை கிடையாது, விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தமும் கிடையாது. கவுன்ட்டரில் இருந்த பையன் ஆதார் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். "பழங்காநத்தம்னு போட்ருக்கு. உள்ளூர்க்காரரு எதுக்கு சார் ரூம் போடுறீங்க? வீட்டுல எதும் சண்டையா?" என்று கேட்டான். சண்டை போட ஆள் இருந்தால் நான் ஏனப்பா இங்கே வருகிறேன் என்று சொல்ல நினைத்தார். முன்பணத்தை எண்ணி வைத்தார்.

மனைவி சூடாமணி ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான். நாற்பத்தோரு வருடத்துக் குடித்தனம் அரைக் கிலோ அவரைக்காய் நறுக்கி முடிப்பதற்குள் முடிந்துபோனது. சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகை இல்லை. பலகாரம் சுடக்கூடாது, புதுத்துணி கூடாது. அதெல்லாம் துளசிராமுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதிரசம் இல்லையென்று அழுகிற வயதா அவருக்கு? அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, "வாங்க, கரண்டியைப் பிடிங்க" என்று அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் சூடாமணி கூப்பிடுவாள். அந்த மூன்று மணி இந்த வருடமும் வரும். கடிகாரத்தை யாரும் நிறுத்தி வைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருக்க அவரால் முடியாது.

கூப்பிடுவது தீபாவளி மருந்து கிண்டுவதற்கு. எல்லா வீட்டிலும்தான் லேகியம் கிண்டுகிறார்கள். ஆனால் பழங்காநத்தத்தில் அந்தச் சந்தில் இருந்த பதினாலு வீட்டுக்கும் மருந்து என்றால் அது சூடாமணி மருந்துதான். ஒரு பெரிய வெண்கல உருளி நிறையக் கிண்டி, வீட்டுக்கு ஒரு டப்பா கொடுப்பாள். அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் ஒரு உருண்டை வாயில் போட்டால், அப்புறம் நாள் முழுக்க என்ன தின்றாலும் வயிறு வாயைத் திறக்காது. துளசிராம் ஒருமுறை வரைபடத் தாளும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்து, "ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு சொல்லு, எழுதி வெச்சுக்கறேன்" என்று கேட்டார். சூடாமணி சிரித்தாள். "எழுதி வெச்சுக்கிட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?" என்றாள். தாள் வெறும் தாளாகவே உள்ளே போனது.

ஆக, முந்தின நாள் காலை பதினொரு மணிக்கே துளசிராம் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா. கதவைப் பூட்டப் போகும்போது கேட் கிறீச்சிட்டது. எதிர் வீட்டு முனீஸ்வரி உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் மனைவி. நடையிலும் பேச்சிலும் ஒரு அவசரம் எப்போதும் இருக்கும். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"அக்கா, மருந்துக்கு டப்பா கொண்டாந்துட்டேன், இந்த வருசம் கொஞ்சம் கூட…" என்று சொல்லிக்கொண்டே படியேறியவள், துளசிராமைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஆத்தி! சார்… மறந்துபோச்சு சார். சாமி சத்தியமா மறந்துபோச்சு. காலையில எந்திரிச்சு வழக்கம்போல டப்பாவக் கழுவுனேன், தொடச்சேன், எடுத்துட்டு வந்துட்டேன். கிறுக்கச்சி மாதிரி வந்து நிக்கிறேன் பாருங்க." டப்பாவை முந்தானைக்குள் மறைத்தாள். மறைத்த கையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

துளசிராமுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார், வரவில்லை. நான்கு மாதமாக அந்த வீட்டுக் கேட்டைத் திறந்து வந்தவர்கள் எல்லாரும் எதையாவது கொண்டுவந்தார்கள். இட்லி, ரசம், ஆறுதல், அப்புறம் அறிவுரை. ஐப்பசி பிறந்ததும் அதுவும் குறைந்தது. பண்டிகை நேரத்தில் துக்க வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள். தெருவே தன்னை மறந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது முதல்தடவையாக ஒருத்தி கேட்டு வந்திருக்கிறாள். கொடுக்க அல்ல, கேட்க. அது அவருக்கு என்னவோ செய்தது.

"நில்லும்மா," என்றார். "டப்பாவை ஏன் ஒளிக்கிற? உள்ள வா."

"வேணாம் சார். நீங்க எங்கயோ கெளம்பிட்டீங்க. ஊருக்கா?"

மூன்றாவது பொய் சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை. "லாட்ஜுக்கு" என்றார்.

முனீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் செய்த காரியம், சந்தில் நின்று, "மைத்ரேயி டீச்சர்! கொஞ்சம் வாங்க! சார் லாட்ஜுக்குப் போறாராம்!" என்று பதினாலு வீட்டுக்கும் கேட்கக் கத்தியதுதான். ரகசியம் காக்கத் தெரியாத பெண்மணி. துளசிராம் வாசலில் பையோடு நெளிந்தார்.

மூன்றாவது வீட்டு மைத்ரேயி பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தவள், விஷயத்தைக் கேட்டாள், டப்பாவைப் பார்த்தாள், சட்டென்று திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை.

"மாமா, கோச்சுக்காதீங்கோ. போன சனிக்கிழமை கீழமாசி வீதிப் பக்கம் போனேன். நாட்டு மருந்துக் கடைக்காரர் என்னைப் பாத்ததும் மாமி மருந்துக்கு வழக்கமா வாங்கறதைக் கட்டிக் கொடுத்துட்டார். நானும் வாங்கிண்டு வந்துட்டேன். பஸ்ஸுல பாதி வழியிலதான் ஞாபகம் வந்துது." பையை அவர் பக்கம் நீட்டினாள். "தூக்கிப் போட மனசு வரல. பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். புடவையெல்லாம் இப்ப திப்பிலி வாசனை."

பையில் சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா, எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன. வருடா வருடம் அதே அளவு. கடைக்காரருக்கே மனப்பாடம்.

"வெல்லம் என் பொறுப்புல்ல," என்றாள் முனீஸ்வரி மெதுவாக. "அக்கா சொல்லுவாக, வெள்ளையா இருந்தா வாங்காத, கருப்பா இருக்கணும்னு. நானும் வாங்கி வெச்சிருக்கேன் சார். வாங்கும்போது எனக்கும் ஞாபகம் இல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன்னை மறந்துவிட்டதாகத் துளசிராம் நினைத்த தெரு மறந்திருந்தது வேறொன்றை: சூடாமணி செத்துப்போனதை. துக்கத்துக்கு வந்தார்கள், அழுதார்கள், சுடுகாடுவரை போய் வந்தார்கள். ஆனால் அவர்கள் கைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. துளசிராம் பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தார்.

"துக்க வீட்டுல அடுப்புல ஏத்தலாமா?" என்று கேட்டார். கேட்கும்போதே ஏற்றலாம் என்று யாராவது சொல்ல வேண்டுமே என்று மனது அடித்துக்கொண்டது.

மைத்ரேயியின் மாமனார் கோயிலில் பூஜை செய்கிறவர். அதனால் அந்தச் சந்தில் சாஸ்திர சம்பந்தமான வழக்குகளுக்கெல்லாம் அவள் தீர்ப்புதான். "பலகாரம்தான் மாமா சுடக்கூடாது. இது மருந்து. ஜுரத்துக்குக் கஷாயம் வைக்கறதுக்கு யாராவது பஞ்சாங்கம் பாப்பாளா?" என்றாள். வழக்கு முடிந்தது.

பொருட்களை லேசாக வறுத்து, முனீஸ்வரியும் துளசிராமுமாகச் சந்து முனையில் இருந்த விருமாண்டியின் மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு முந்தின நாள். முறுக்கு மாவுக்குக் கூட்டம் நெரிந்தது. விருமாண்டி மீசையெல்லாம் மாவோடு நிமிர்ந்தான். அன்றைக்கு ஆடி மாதத்தில் சூடாமணியைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தன் லோடு வண்டியில் கிடத்தியவன் அவன்தான். பாத்திரத்தில் இருந்ததை மோந்து பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சின்ன மிசினு காலியாத்தான்ணே இருக்கு," என்றான். "நேத்தே அதுல மொளகா திரிக்கிறத நிப்பாட்டிட்டேன். பச்சரிசிய ஓட்டிச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். எதுக்குப் பண்றேன்னு தெரியாமலே பண்ணிட்டேன்ணே."

துளசிராம் அவன் தோளில் கை வைத்தார்.

"ஓமத்தத் தனியாக் குடுங்க," என்றான் விருமாண்டி. "மத்ததெல்லாம் ரெண்டு ஓட்டு ஓட்டணும். ஓமம் ஒரு ஓட்டுதான். கடைசியில சேக்கணும், இல்லாட்டி கசந்துரும்னு அக்கா சொல்லுவாக. வருசா வருசம் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாக, என்னமோ நான் மறந்துருவேங்கிற மாதிரி."

மூன்று மணிக்கு உருளி அடுப்பேறியது. அந்த மூன்று மணிக்குத்தான் துளசிராம் பயந்திருந்தார். அது வந்தபோது அவர் வெல்லப் பாகில் மண் வடிகட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள் மைத்ரேயி. நெய்யும் நல்லெண்ணெயும் முனீஸ்வரி கையில். மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு விருமாண்டியும் வந்துவிட்டான். ஓமம் போடும் நேரம் தனக்குத்தான் தெரியும் என்று சாக்கு.

"கரண்டி யாரு பிடிக்கறது?" என்றாள் மைத்ரேயி.

"நான்தான்," என்றார் துளசிராம். "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். என்ன போடுறா, எவ்வளவு போடுறான்னு எதுவும் தெரியாது. கூலிக்காரன் மாதிரி கிண்டுவேன், அம்புட்டுதான்."

கிண்டினார். உருளியில் குமிழிகள் வெடித்துக் கையில் தெறித்தன. சமையலறை முழுக்க மிளகும் சுக்கும் ஏறி எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். அது நல்லதாகப் போயிற்று, யார் எதற்கு அழுகிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் கழித்து முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "போதும் சார், சுருண்டுருச்சு."

"இல்ல," என்றார் துளசிராம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. எப்படித் தெரியும்? கை சொல்லியது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்தில் இன்னும் வலி வரவில்லை. வருடா வருடம், "போதுமா? போதுமா?" என்று அவர் கேட்பார். சூடாமணி உருளியைப் பார்க்க மாட்டாள், அவர் கையைப் பார்ப்பாள். கரண்டி கனத்து, அந்த இடத்தில் வலி வந்து அவர் முகம் சுளிக்கும்போது, "இப்பப் போதும்" என்பாள். கூலிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடமும் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் வைத்திருந்தாள். வெல்லம் அவளிடம், திப்பிலி இவளிடம், ஓமம் அவனிடம், பதம் இவரிடம். போகப் போகிறோம் என்று தெரிந்து செய்ததில்லை அது. அவளுக்கு எந்த வேலையும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்தால்தான் செய்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

வலி வந்தது. "இப்பப் போதும்," என்றார்.

கொஞ்சம் ஆறியதும் ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்கள். விருமாண்டி கூரையைப் பார்த்தான். மைத்ரேயி கண்ணாடியைத் துடைத்தாள். முனீஸ்வரியால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதே.

"நல்லாருக்கு சார். குத்தம் சொல்ல முடியாது. ஆனா அக்கா மருந்து இல்ல. என்னமோ ஒண்ணு கொறையுது."

"தேனா?"

"தேன் விட்டாச்சு டீச்சர்."

"ஏலக்காயோ?"

"அதுவும் போட்டாச்சு."

துளசிராம் இன்னொரு விரல் தொட்டு வைத்தார். காரம் இருந்தது, இனிப்பு இருந்தது. தொண்டைக்குக் கீழே இறங்கும்போது கடைசியில் ஒன்று வந்து தட்டும், அது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பாகு சேர்ந்தது, நெய் விட்டது, ஓமம் போட்டது, இறக்கியது. இறக்கியதும் சூடாமணி என்ன செய்வாள்? ஒன்றும் செய்ய மாட்டாள். இவரைப் பார்த்து, "கேட்டுக்குக் கொண்டி போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்பாள். இவர் போய் அந்தத் தாழ்ப்பாளைப் பார்ப்பார். போட்டுத்தான் இருக்கும். வந்து சொல்வார். வருடா வருடம்.

துளசிராம் கண்ணைத் திறந்தார்.

"கள்ளி!" என்றார். "நாப்பத்தோரு வருஷம்! என்னைக் கொண்டி பாக்க அனுப்பிட்டு, அந்த நேரத்துல எதையோ போட்டிருக்கா! மாடு வந்துரும்னு நினைக்கிறா போலன்னு நானும் ஒவ்வொரு வருஷமும் எந்திரிச்சுப் போயிருக்கேன்! இந்தச் சந்துல ஏது மாடு?"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்தது அதுதான் முதல். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. கரண்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதார். யாரும் தேற்றவில்லை. விருமாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

அவர் முகம் துடைத்துக்கொண்டதும் முனீஸ்வரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சார்."

"என்னம்மா?"

"கேட்டுக்குக் கொண்டி போட்டிருக்கான்னு பாத்துட்டு வாங்க."

துளசிராம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். கொண்டி போட்டுத்தான் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றார். சாயங்கால வெளிச்சம் சந்தில் சாய்ந்திருந்தது. ஒரு வீட்டிலும் சரவெடிச் சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். பிள்ளைகள் எல்லாம் பட்டாசுப் பைகளைத் தூக்கிக்கொண்டு, அவர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் பேச்சை அடக்கி, பின்னால் இருக்கும் பொட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் சொன்னதில்லை, பல நாள் பேசி வைத்ததாக இருக்க வேண்டும். இவ்வளவு நாளும் இந்த மனிதர்கள் தன்னைச் சுற்றிக் கால் சத்தம் கேட்காமல் நடந்திருக்கிறார்கள். அவர் அதை மறதி என்று நினைத்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நன்றியாக இருந்தது. எந்தப் புண்ணியத்தில் இந்தச் சந்துக்குக் குடி வந்தோம் என்று நினைத்தார்.

"டேய், எங்கடா போறீங்க?" என்றார். "இங்கயே வெடிங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

பிள்ளைகள் நம்பாமல் பார்த்தார்கள். அந்த நேரம் சட்டைப் பையில் போன் அடித்தது. லாட்ஜ் பையன். "சார், மத்தியானமே வாரேன்னீங்க. ரூம வெச்சிருக்கவா, வேற ஆளுக்கு விட்ரவா?"

"விட்ருப்பா," என்றார் துளசிராம். "வீட்டுல வேலை இருக்கு."

அவர் உள்ளே வந்தபோது உருளி மறுபடி சிறு தீயில் ஏறியிருந்தது. மூன்று பேரும் அடுப்பை விட்டு விலகி, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். மைத்ரேயி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருமாண்டி மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். முனீஸ்வரியின் ஒரு கை முந்தானைக்குள் இருந்தது. துளசிராம் நேராகப் போய் உருளியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கடைசியில், தொண்டைக்குக் கீழே, ஒன்று வந்து தட்டியது. அது சூடாமணியின் மருந்து இல்லை. வேறு ஏதோ. ஆனால் காலியாக இருந்த இடத்தில் ஒன்று இருந்தது.

"என்னத்தம்மா போட்டீங்க?"

"கொண்டி போட்டிருந்துச்சா சார்?"

"போட்டிருந்துச்சு. என்ன போட்டீங்கன்னு கேட்டேன்."

முனீஸ்வரி அவர் கையில் கரண்டியைத் திணித்தாள். "அதச் சொல்லிட்டா அடுத்த வருசம் எங்களுக்கு இங்க என்ன சார் வேலை? கிண்டுங்க, அடி பிடிக்கப் போகுது."

வாசலில் முதல் சரவெடி வெடித்தது. துளசிராம் கிண்டினார்.